இரட்டைத் தலைப் பெரணி

அக்டோபர் 9

மதியம் வந்து சேர்ந்தேன். வனத்துறையின் பழைய ஓய்வு வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, ஒழுகும் கூரை. ஒழுகாத இடமாகப் பார்த்துக் கட்டிலை இழுத்துப் போட்டேன். கொடைக்கானலில் வாங்கிய அரிசி, பருப்பு, முட்டை, மண்ணெண்ணெய் எல்லாம் பத்திரம். தீப்பெட்டிகள் மட்டும் நனைந்துவிட்டன.

வந்த வேலையை முதலிலேயே எழுதி வைக்கிறேன். கீழே மேட்டுக்கூடல் கிராமத்துக்குக் குடிநீர் கொண்டுபோக, கருங்குழிச் சோலை ஓடையில் தடுப்பணை கட்டத் திட்டம். கட்டினால் ஓடையோரம் நிற்கும் மரப்பெரணிகள் தேங்கும் நீரில் அழுகிப்போகும். அவை இந்தச் சோலையைத் தவிர வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிப் பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயர்தான் இத்தனை காலம் அணையை நிறுத்தி வைத்திருந்தது. போன மாதம் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, அது தனி இனமே இல்லை, பல மலைகளிலும் உள்ள சாதாரண மரப்பெரணிதான் என்கிறது. எது சரி என்று டிசம்பருக்குள் சொல்லும்படி மாவட்ட வன அலுவலர் என்னைக் கேட்டிருக்கிறார்.

கட்டுரை தவறு. மழைக்காலம் முடிவதற்குள் நிரூபித்துவிடலாம்.

அக்டோபர் 11

காவலர் வேலப்பன் வந்தார். அன்றும் இந்தச் சோலைக்கு வழி காட்டியவர் இவர்தான். அப்போது மீசை கருப்பு. இப்போது முழங்காலில் வலி, படி இறங்கும்போது முருகனைக் கூப்பிடுகிறார்.

"அம்மா வரலையா சார்?" என்றார் வந்ததும்.

"இல்ல."

"அடுத்த தபா கூட்டிட்டு வாங்க. அன்னைக்கு அம்மாதானே மொதல்ல பாத்தாக, அந்தா மரம், மரம்னு கத்துனாகளே."

சரி என்றேன்.

ஓடைக்கு இறங்கினோம். அவை அப்படியே நிற்கின்றன. இரண்டு ஆள் உயரத்துக்குக் கருத்த தண்டு, உச்சியில் குடை விரித்ததுபோல் இலைகள். பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் பொட்டுப்பொட்டாக ஒட்டியிருக்கும் தூள்தான் இவற்றின் சந்ததி. நடுவில் ஓர் இளம் இலை சுருண்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 12

நாள் முழுக்க மழை. காலுறை காயவில்லை.

அக்டோபர் 15

வழக்கு இதுதான். என் பெரணியின் இலைக்காம்பு அடியில் வைக்கோல் நிறத்தில் நீண்ட செதில்கள், பூனை மயிர்போல. சாதாரண மரப்பெரணிக்கு அவை கருப்பாக, பளபளவென்று, குட்டையாக இருக்கும். தூள்பொட்டுகளின் மேல்மூடியிலும் வேறுபாடு உண்டு. இந்த வேறுபாடுகள் ஈரத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்து மாறுபவை, இனத்தைப் பிரிக்கப் போதாதவை என்பது கட்டுரையின் வாதம். கட்டுரையாளர் உலர்த்தி ஒட்டிய மாதிரிகளை மட்டும் பார்த்திருக்கிறார். களத்துக்கு வரவில்லை. அதுதான் அதன் பலவீனம்.

கட்டுரையாளர் கோயம்புத்தூரில் பணிபுரியும் முனைவர் ஆர். அங்கயற்கண்ணி. பெரணியின் பெயரும் அதுவே. 'அங்கயற்கண்ணியே' என்று லத்தீன் விகுதி சேர்த்து வைத்தேன். வெளிநாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர், பெயர் நீளமாக இருக்கிறதே, சுருக்க முடியுமா என்று எழுதிக் கேட்டார். முடியாது என்று பதில் போட்டேன்.

அப்போது அவள் என் மனைவி. ஒன்பது ஆண்டுகளாக இல்லை. இதற்கும் செதில்களுக்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 21

ஓடையின் மேல்பகுதி வரை பார்த்தாயிற்று. இந்தப் பெரணிகள் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தண்ணீரின் சத்தம் கேட்கும் தூரத்தைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. பனி விழும் புல்வெளி ஓரத்தில் இல்லை. காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்குகின்றன. அதனால் கொடிகள் ஏற முடிவதில்லை. ஒரு மரத்துக்கு ஒரே குருத்து. அதை ஒடித்தால் பெரும்பாலும் மரமே போச்சு.

செதில்கள் எல்லாம் வைக்கோல் நிறம்தான். திருப்தி.

திரும்பும் வழியில் வேலப்பன் பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கவா? இது தனிச் செடின்னு நீங்க சொன்னா எங்களுக்குத் தண்ணி இல்ல. அப்பிடித்தானே?"

"நான் பாத்ததைத்தான் சொல்லுவேன் வேலப்பன்."

"எங்க வீட்ல அது கோடையில கொடம் எடுத்துக்கிட்டு அடிவாரத்துக்கு எறங்கி ஏறுது. அதுக்கும் முழங்கால் போச்சு." புகையை விட்டார். "நல்லாப் பாருங்க சார். அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 27

சேமியா பாயசம் செய்தேன். பால் பவுடர் கட்டி தட்டிவிட்டது. வேலப்பனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். "என்ன சார் விசேசம்?" என்றார். ஒன்றுமில்லை, வருடா வருடம் இந்தத் தேதியில் செய்வதுதான் என்றேன். அவள் பிறந்தநாள் என்று சொல்லவில்லை.

நவம்பர் 3

மேல் அருவிக்குப் பக்கவாட்டில், இதுவரை போகாத சரிவில் ஏறினேன். வேலப்பன் முழங்கால் வலியென்று வரவில்லை. அங்கே பழைய மண்சரிவு ஒன்று. பெரிய மரங்கள் விழுந்து வானம் திறந்து கிடக்கிறது. விளிம்பில் ஒரு மரப்பெரணி. எப்போதோ அதன் குருத்து அடிபட்டிருக்க வேண்டும். தண்டு இடுப்பு உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தலைகளோடு நிற்கிறது. முப்பது வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒரு தலை அருவிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாரல் இடைவிடாமல் அதன்மேல் விழுகிறது. அதன் காம்புகளில் வைக்கோல் நிறச் செதில், பூனை மயிர்.

இன்னொரு தலை சரிவுப் பக்கம், வெயிலில். அதில் கருப்புச் செதில். குட்டையாக, பளபளவென்று.

தொலைநோக்கியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு தண்டின் அடியில் மண்டியிட்டு வேரைக் கையால் விலக்கிப் பார்த்தேன், ஒட்டி வளர்ந்த இரண்டு செடிகளாக இருக்குமோ என்று. இல்லை. ஒரே தண்டு.

நவம்பர் 4

மழை. வெளியே போகவில்லை. மழை பெரிதாக இல்லை.

நவம்பர் 6

காலையில் மறுபடி அந்தச் சரிவுக்குப் போனேன். வேலப்பனிடம் சொல்லவில்லை. வழியில் கொடிகள் அதிகம் என்பதால் அரிவாளை எடுத்துப்போனேன்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சரிவுக்கு யாரும் வருவதில்லை. காட்டெருமை உரசினால்கூட ஒரு தலை முறிந்துவிடும். பழைய முறிவுக்கும் புதிய முறிவுக்கும் மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாது. இதை ஒரு தகவலாக எழுதுகிறேன்.

வெயில் கொஞ்ச நேரம் வந்தது. கருந்தலைப் பக்கம் பட்டு, இலைகள் ஊடே பச்சையாக என் கைமேல் விழுந்தது. இந்த ஓடையில் நான் கண்ட மரங்களிலெல்லாம் அழகானது இதுதான். இது இங்கே இல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தேன். கொடிகள் எதையும் வெட்டவில்லை. அரிவாளை எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டினேன்.

இரவுச் சாப்பாடு: முட்டை, ரசம்.

நவம்பர் 7

கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது புல்வெளிப் பாறையில் மட்டும். ஏறினேன். ஒன்பது ஆண்டுகளில் நான் அங்கயற்கண்ணியை அழைப்பது இது முதல் தடவை. எண் மாறவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

நீங்க. எம்.எஸ்ஸி. முதல் நாளிலிருந்து நாங்கள் நீ, நீதான்.

கருங்குழியில் இருக்கிறேன் என்றேன். தெரியும், கேள்விப்பட்டேன் என்றாள். ஒரு மரம் இருக்கிறது, நீ பார்க்க வேண்டும் என்றேன். என்ன மரம் என்று கேட்டாள். சொன்னேன். காற்று பலமாக இருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"வர்றேன். புதன்கிழமை வர்றேன்," என்றாள்.

நவம்பர் 11

இரண்டாவது அறையைக் கூட்டினேன். ஒழுகும் இடத்துக்கு நேராக வாளி வைத்தேன். வாளியின் சத்தம் தொந்தரவாக இருக்குமென்று உள்ளே துணி போட்டேன்.

நவம்பர் 12

ஜீப்பில் வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது, சாயம் போடுவதில்லை. பழைய களப்பை, பழைய நடை. வேலப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. சார் தனியாக் கெடந்து பேசவே மறந்துட்டாரு. இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

நான் அவளைப் பார்க்கவில்லை. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா வேலப்பன்?" என்று மட்டும் கேட்டாள். அவரைத் திருத்த நானும் போகவில்லை.

சாப்பாட்டில் உப்பு குறைவு என்றாள். உண்மைதான்.

நவம்பர் 13

காலையில் மூவரும் ஏறினோம். வேலப்பன் முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டு வந்தார். மண்சரிவுக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். தொலைநோக்கியை எடுக்கக்கூட இல்லை. வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

கொக்கி போட்ட தோட்டிக் கம்பால் நான் ஒவ்வொரு தலையிலிருந்தும் ஓர் இலையை வளைத்து இழுக்க, அவள் கீழே வாங்கினாள். இரண்டையும் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. வேலப்பன் தேன்கூடு பார்க்கிறேன் என்று தள்ளிப் போய்விட்டார்.

"இதை நீ காட்டாம இருந்திருக்கலாம்," என்றாள், குனிந்தபடியே. நீ என்று சொன்னதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இருந்திருக்கலாம்."

"என் கட்டுரையில இதுதான் ஓட்டை. காஞ்ச இலைய வச்சு, ஈரத்தால மாறுதுன்னு ஊகமாத்தான் எழுதினேன். நீ எதிர்த்து எழுதியிருந்தா எங்கிட்ட பதில் இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கூப்பிட்ட?"

"மரம் இருக்கே," என்றேன்.

அவள் லென்ஸை மூடினாள். நான் கேட்டுவிட்டேன். "எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அங்கை."

"சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருக்க மாட்டேன்."

"சரி, சொல்லியிருக்க மாட்ட. ஃபோன்ல பேசாம இருந்திருப்ப. எனக்கு அது போதும், நான் நிறுத்தியிருப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "துரை, எந்த ஊர் கருத்தரங்குக்குப் போனாலும், ஓ, அந்தப் பெரணி நீங்கதானான்னு கேக்கறாங்க. சிரிச்சு வைக்கணும். நானும் முப்பது வருஷமா பெரணிதான் படிக்கிறேன். அதை யாரும் கேக்கறதில்ல."

"மரியாதைன்னு நினைச்சுத்தான் வச்சேன்."

"மரியாதைதான். இல்லைன்னு நான் எப்பவும் சொன்னதில்லையே."

அப்போது என் கழுத்தில் அட்டை ஏறியிருப்பதைப் பார்த்தாள். பையிலிருந்து உப்புத் துணியை எடுத்து, "அசையாத," என்று சொல்லி ஒற்றி எடுத்தாள். இரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அட்டைக்கடி உடனே நிற்காது.

எழுதும்போது அந்த இடம் அரிக்கிறது. சொறியவில்லை.

நவம்பர் 14

கிளம்புமுன் அணை வரும் இடத்தைக் காட்டச் சொன்னாள். நான் இதுவரை பார்த்தது பெரணிகளை மட்டும். அவள் கேட்டது தண்ணீரை.

"இதுக்குக் கீழ பாறைக்குழி ஒண்ணு இருக்குமே வேலப்பன், அன்னைக்கு நான் வழுக்கி விழுந்தது. கோடையில அதுல தண்ணி நிக்குதா?"

"நிக்குதும்மா. சித்திரையிலயும் யானை குடிக்கும். ஆனா மட்டம் காணாதுன்னு இஞ்சினியர் சொல்லிட்டாரு. மேலத்தெருவுக்கு ஏறாதாம்."

"கீழத்தெருவுக்கு ஏறுமா?"

"அது தானாப் போகும்."

"அப்ப மேலத்தெருவுக்கு மோட்டார் வச்சுக்கலாம். அளந்து பாத்தாங்களா, சும்மா சொன்னாங்களா?"

வேலப்பன் தலையைச் சொறிந்தார். யாரும் அளக்கவில்லை. இத்தனை நாள் நான் அதைக் கேட்கத் தோன்றாமலே அவரோடு நடந்திருக்கிறேன்.

அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதுவது என்று முடிவாயிற்று. தனி இனம் இல்லை. ஆனால் இரு வடிவங்களும் ஒரே ஓடையில், ஒரே உடலில் நிற்கும் இடம் வேறு நாங்கள் அறிந்து இல்லை. ஆகவே அணைக்குப் பதில் பாறைக்குழியிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா என்று அளந்து பார்க்க வேண்டும். யார் பெயர் முதலில் என்று கேட்டாள். உன் பெயர் என்றேன். அகரவரிசைப்படியும் அதுதானே என்று சிரித்தாள்.

ஜீப் வந்தது. "உடம்பைப் பாத்துக்கங்க," என்றாள். மறுபடி நீங்க. வேலப்பன் பக்கத்தில் நின்றதால் இருக்கலாம்.

நவம்பர் 15

வாளியிலிருந்த துணியை எடுத்துவிட்டேன். சத்தம் இருந்தால் பரவாயில்லை.

டிசம்பர் 4

அளந்தார்கள். பாறைக்குழியிலிருந்து கீழத்தெருவுக்குத் தண்ணீர் தானாகப் போகும். மேலத்தெருவுக்கு மோட்டார் வேண்டும். பொறியாளருக்கு எரிச்சல், வரைபடத்தை முதலிலிருந்து போட வேண்டுமாம். ஊர்க்கூட்டத்தில் மேலத்தெருக்காரர்கள் சத்தம் போட்டார்கள். செடிக்காகவா எங்களுக்குக் கரண்டுத் தண்ணீர் என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கேட்டாள். நியாயமான கேள்வி. வேலப்பன் வீடும் மேலத்தெருவில்தான். அவர் எழுந்து, "மோட்டார் நின்னா நான் கீழத்தெருவுல போய்ப் புடிச்சிக்கிறேன். அடிவாரத்துக்கு எறங்கறதுக்கு இது மேல்," என்றார். அதன்பிறகு சத்தம் குறைந்தது.

பாறைக்குழியோரம் நிற்கும் சில பெரணிகள் போகும். எவை என்று சுண்ணாம்பு வைத்துக் காட்டச் சொன்னார்கள். நானே வைத்தேன்.

ஜனவரி 10, பாளையங்கோட்டை

கல்லூரி உலர்தாவரக் கூடம். சிவப்பு அட்டைக்குள் இருக்கும் என் மூல மாதிரியை, பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய உலர்ந்த இலையை, வெளியே எடுத்தேன். நானும் அவளும் சேர்ந்து ஒட்டிய தாள். ஓரத்தில் பசை அவள் விரல்ரேகையோடு காய்ந்திருக்கிறது.

புதுச் சீட்டில் சாதாரண மரப்பெரணியின் பெயரை எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, மறைத்தும் ஒட்டக் கூடாது. பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். ரத்தான பெயரும் அழிவதில்லை. இனி இந்தப் பெரணியைப் பற்றி யார் எழுதினாலும், சரியான பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அதுவும் வரும்.

உதவியாளர் செல்லப்பாண்டி எட்டிப் பார்த்து, "சார், நீங்க வச்ச பேர நீங்களே மாத்துறீங்களா?" என்றார்.

"தப்பா வச்சுட்டேன்," என்றேன்.

அது முழு உண்மை இல்லை. பெயர் சரிதான். செடிதான் வேறு.

மே 19

சாயங்காலம் வேலப்பன் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல், குடங்கள், பெண்கள்.

"சார், தண்ணி வந்துருச்சு! மேலத்தெருவுக்கும் வந்துருச்சு. எங்க வீட்ல அது மொதக் கொடம் புடிச்சது. லேசா எலை வாடை அடிக்குது, ஆனா ஐஸ் மாதிரி இருக்கு சார்."

மகிழ்ச்சி என்றேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மேலே மரமெல்லாம் எப்படி என்று கேட்டேன். எல்லாம் நிக்குது, அந்த மண்சரிவுல குட்டிகுட்டியா நெறைய மொளைச்சிருக்கு என்றார். குடும்பத்தோடு ஒரு நடை வர வேண்டும், கோழியடித்துப் போடுவதாகச் சொன்னார்.

"அம்மாகிட்ட மறக்காமச் சொல்லுங்க சார். அவுக சொன்ன எடந்தானே. அம்மா எப்பிடி இருக்காக?"

"நல்லா இருக்காங்க," என்றேன்.

"பக்கத்துல இருக்காகளா?"

"வெளிய போயிருக்காங்க. வந்ததும் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். தண்ணீர் வந்த செய்தியை அவளுக்குச் சொல்ல வேண்டும். எண் இருக்கிறது.